சின்னம்மாவின் படச்சட்டம்

படத்திற்குக் கண்ணாடி போடுவதைப்பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். நான்கு மரச்சட்டங்கள், ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு பலகை, சுவரில் ஓர் ஆணி, இவ்வளவுதானே! எமது சின்னம்மா ஒரு நாள் மாலையில் வந்து, ஒரு பொலித்தீன் பையை எமது மேசைமீது கவிழ்த்த பின்னரே, இவ்விஷயம் அத்துணை எளியதன்று என்பது எமக்குப் புலனாயிற்று.

பையிலிருந்து விழுந்தவை ஆறு நிழற்படங்கள். ஆறும் ஆறு விதம். ஒன்று உள்ளங்கையை மறைக்கும். மற்றொன்று பெருவிரல் நகத்தினும் சற்றே பெரிது. ஒன்று கறுப்பு வெள்ளை. ஒன்று சிவந்து போயிருந்தது. ஒன்றின் முதுகில் பசை காய்ந்து, கிழிந்த நீலத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

சின்னம்மா மீரியபெத்தைக்காரி. கொஸ்லந்தைக்கு மேலே உள்ள அத்தோட்டப் பிரிவில், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, புதன்கிழமை காலையில், மலை சரிந்து லயன்களின் மீது இறங்கியதை நாடறியும். சின்னம்மா அந்நேரம் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போயிருந்தார். வீட்டிலிருந்த அவருடைய மாமியார் போயிருக்கவில்லை. நடக்க முடியாதவர். இதற்குமேல் அந்த நாளைப்பற்றிச் சின்னம்மா எம்மிடம் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. முதலிற் பள்ளிக்கூடத்திலும், பின்னர் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்துவிட்டு, 2016இல் பூனாகலைப் பக்கம் கட்டிக்கொடுத்த வீடுகளுள் ஒன்றுக்கு அவர் குடிபோனார்.

புதுவீட்டில் கதிரை வந்தது, அலுமாரி வந்தது, தொலைக்காட்சியும் வந்தது. சுவரில் மட்டும் ஒன்றுமில்லை. இருந்த நான்கு படங்களையும் மண் கொண்டுபோய்விட்டது. எனவே சின்னம்மா உறவினரிடமெல்லாம் கேட்கத் தொடங்கினார். திருமணத்தின்போது எடுத்த படம் ஒன்று பண்டாரவளையில் இருந்த தமக்கையிடம் இருந்தது. இறந்துபோன கணவரின் வண்ணப்படம் ஒன்று வேறு தோட்டத்தில் ஒரு சிநேகிதரிடம் கிடைத்தது. மாமியாரின் படந்தான் எங்கும் கிடைக்கவில்லை. அடையாள அட்டையும் மண்ணோடு போயிற்று. ஈற்றில், தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் பழைய பதிவுப் புத்தகமொன்றில், பெயருக்கு நேரே ஒட்டப்பட்டிருந்த கடவுச்சீட்டு அளவுப் படமொன்றைக் கண்டுபிடித்து, ஆவி பிடித்து உரித்தெடுத்தார்களாம். முதுகில் நீலத்தாள் ஒட்டியிருந்தது அதுவே.

எல்லாவற்றிலும் பெரிய படம் கடல் கடந்து வந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தினால், மலையகத்து மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டபோது, வெட்டுக்கோடு பல குடும்பங்களின் நடுவாகச் சென்றது. (அந்நாளுக்கும் மீரியபெத்தைச் சரிவுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள், ஒரு நாள் குறைய.) சின்னம்மாவின் கணவர் குடும்பத்திலும் பாதிப்பேர் தலைமன்னாரில் கப்பலேறினர். ஏறுவதற்கு முன், 1971இல், எல்லோரும் நகரத்துக்குச் சென்று ஒரே படமாக எடுத்துக்கொண்டார்கள். நீலகிரியில் அகதிகளுக்கென்று, அதாவது தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் மரியாதையாக அழைத்தவர்களுக்கென்று, தமிழ்நாட்டு அரசு 1968 முதல் உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் வேலை பார்த்தார்கள். அந்தப் படத்தின் பிரதியைக் கோத்தகிரியிலிருந்து மச்சாள் ஒருவர் தபாலில் அனுப்பியிருந்தார். முழுத்தகட்டு அளவு என்று அக்காலப் படப்பிடிப்பாளர் வழங்கிய 6½க்கு 8½ அங்குலப் படம். பதினேழு பேர். மாமியார் அதில் இளம்பெண்.

"தம்பி, எல்லாம் ஒரே பிரேமுக்குள்ள இருக்கணும்" என்றார் சின்னம்மா. "இன்னும் படம் வரும், அதுவும் அதுக்குள்ள போகணும். சுவருல ஆணி அடிக்க ஏலாது, சாந்து பொரிஞ்சு விழுது. ஓடுங்கன்னு சொன்னா நான் ஒரு கையில தூக்கிட்டு ஓடணும்."

முப்பதாண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்து ஓய்வுபெற்றவர் நாம். உளியும் வாளும் பிடிக்கக் கொஞ்சம் தெரியும். "அதற்கென்ன சின்னம்மா, இரண்டு கிழமையில் செய்து தருகிறோம்" என்றோம். ஏழு மாதம் ஆயிற்று.

எமது வீடுகளில் படச்சட்டம் என்பது மிகப் பழைய பொருளன்று. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தமது அச்சகத்தைத் தொடங்கியபின், தெய்வங்கள் வண்ணத்தாள்களாக மலிந்த விலையில் வீடுதோறும் வரலாயின. பின்னர் கோவில்பட்டியிற் குடியிருந்த கொண்டையராஜுவும் (1898 - 1976) அவர் மாணாக்கரும் வரைந்தவற்றைச் சிவகாசி நாட்காட்டிகள் கொண்டுவந்து கொட்டின. தாள் என்றால் புகைக்கும் கரப்பானுக்கும் காவல் வேண்டும்; ஆகவே கண்ணாடி; கண்ணாடியைப் பிடிக்கச் சட்டம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலும், அடுப்புப் புகை படியாத ஒரு மூலையில், முருகனுக்கும் தாத்தாவுக்கும் இடம் இருந்தது. ஆனால் இச்சட்டங்கள் யாவும் ஒரு படத்துக்கென்றே செய்யப்படுபவை. படத்தின் அளவுக்குக் கண்ணாடி வெட்டி, பின்னால் தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையை வைத்து, ஆணியால் இறுக்கிவிடுவார்கள். வேறு படத்தை வைக்க விரும்பினால் ஆணியைப் பிடுங்கிப் பலகையை உடைக்கவேண்டியதுதான்.

எமது முதல் திட்டம், சட்டத்தையே நீட்டவும் குறுக்கவும் செய்வது. எழுத்து "ட" வைப் போல இரண்டு மரக்கோணங்கள்; ஒன்றன் கைகள் மற்றதன் தவாளிப்பில் வழுக்கும்; வேண்டிய அளவில் நிறுத்திக் கையால் திருகி இறுக்கலாம். காகிதத்தில் வரைந்தபோது மிக அழகாக இருந்தது. தச்சாசாரி ஒருவரின் உதவியோடு பலாமரத்திற் செய்தும் பார்த்தோம். (கொஸ்லந்தையின் பெயரிலேயே பலா இருக்கிறது, "கொஸ்" என்றால் சிங்களத்தில் பலா.) நீண்டது, குறுகியது, தச்சாசாரி மகிழ்ந்தார். அதன்பிறகு அவர் கேட்டார்: "எல்லாஞ் சரி மாஸ்டர், கண்ணாடி நீளுமா?"

கண்ணாடி நீளாது. இவ்வளவு பெரிய உண்மை இரண்டு மாத காலம் எம் கண்ணிற் படாமலிருந்தது எப்படி என்று இன்றும் வியக்கிறோம். ஓவியர்கள் துணியை இழுத்துக் கட்டும் உட்சட்டத்தின் மூலைகளில் சிறு ஆப்புகள் இருக்கும். ஈரக்காற்றில் துணி தளர்ந்தால் ஆப்பைத் தட்டுவார்கள், சட்டம் ஒரு நூலளவு விரிந்து துணி மீண்டும் இறுகும். ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வழங்கும் உபாயம் இது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நாம் வழிதவறினோம் போலும். துணி சட்டத்தோடு விரியும். கண்ணாடிக்கும் நிழற்படத்துக்கும் அந்தத் தயவு கிடையாது.

"கண்ணாடி இல்லாமல் விட்டால் என்ன?" என்று இல்லத்தரசி கேட்டார். எமது ஊர் மழையையும் மூடுபனியையும் அறிந்தவர் அவ்வாறு கேட்கலாகாது என்றோம். ஆயினும் கண்ணாடி விஷயத்தில் நாம் கோபப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை இங்கே சொல்லிவிடுவதே நேர்மை.

எம் தந்தையாருக்கு இருந்தது ஒரேயொரு படம். வாலிபத்தில் எடுத்தது. நகரத்துக் கடையொன்றில் கண்ணாடி போட்டிருந்தோம். அவர் காலமாகிப் பல ஆண்டுகளின் பின், பெரிதாக்கிப் பிரதி எடுக்கலாமென்று அதைச் சட்டத்திலிருந்து கழற்றினோம். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மெதுவாக இழுத்தோம். வரவில்லை. சற்றே பலமாக இழுத்தோம். தாள் எம் கையோடு வந்தது. நெற்றியும் ஒரு கண்ணும் கன்னமும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. எம் தாயார் பக்கத்தில் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை வாங்கித் தம் சேலைத் தலைப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நிழற்படத்தின் மேற்படலம் ஜெலற்றின் என்னும் பொருளாலானது. விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது, பசைக்கு உறவு. ஈரத்தில் ஊதி இளகும். கண்ணாடி அதன்மேல் நேரே படிந்திருந்தால், இளகியது கண்ணாடியைப் பற்றிக்கொண்டு காய்ந்துவிடும். அவ்வாறு ஒட்டிய படம் வாசகர் வீட்டில் இருக்குமாயின், தயைசெய்து இழுக்கவேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே வைத்து, அதன் மேலாகப் படம்பிடித்துப் பிரதி செய்துகொள்ளலாம். எம் தந்தையார் படத்தையும் அவ்வாறு செய்திருக்கலாம். அன்று எமக்குத் தெரியாது. கடைக்காரரைக் குறை சொல்லவும் நமக்கு வாய் இல்லை. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் ஓர் அட்டை வைத்துத் தரவா என்று அவர் கேட்டதாகவும், வீண்செலவு என்று நாமே மறுத்ததாகவும் ஒரு மங்கலான நினைவு உண்டு.

படத்தைச் சுற்றிச் சிலர் வைக்கும் வெள்ளை அட்டையை நாம் அலங்காரமென்றே அன்றுவரை எண்ணியிருந்தோம். நடுவிலே சாளரம் வெட்டிய அவ்வட்டையின் தடிப்பு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்று நிற்கச் சிறிது இடம் விடுகிறது. அவ்விடந்தான் படத்தின் உயிர். மலிவான அட்டை நாளடைவிற் பழுத்து, தொட்ட இடத்தைப் பழுப்பாக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். புளிப்பற்ற அட்டை என்று கேட்டு வாங்கவேண்டும்.

இவ்வட்டையைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தபோதே வழி பிறந்தது. சித்திர வகுப்புப் பிள்ளைகளைத் தியலும அருவிக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் எமக்கு இருந்தது. 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று பிள்ளைகள் திகைப்பார்கள். ஆளுக்கு இரண்டு "ட" வடிவ அட்டைகளைக் கொடுத்து, ஒன்றையொன்று எதிராகப் பிடித்து நகர்த்தி, அச்சதுரத்துக்குள் தெரிவதை மட்டும் வரையச் சொல்வோம். ஒடுக்கினால் அருவி மட்டும். அகட்டினால் பாறையும் வானமும். சித்திரக்காரர் எங்கும் கையாளும் சிறு வித்தை இது. முப்பதாண்டு பிள்ளைகள் கையில் கொடுத்ததை எம் மேசைக்கு எடுத்துவர எமக்கு ஐந்து மாதம் பிடித்தது.

சட்டம் அசையாதிருக்கட்டும், கண்ணாடியும் அசையாதிருக்கட்டும், உள்ளேயிருக்கும் அட்டைகள் அசையட்டும். இதுதான் முடிவு. இரண்டு கோண அட்டைகள் கண்ணாடிக்குப் பின்னே ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி, எந்த அளவுக்கும் சாளரம் திறக்கும். படங்கள் அளவில் மட்டுமன்றி நீள அகல விகிதத்திலும் வேறுபடுகின்றன என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். 4க்கு 6 அங்குலப் படம் 2:3. 8க்கு 10 அங்குலம் 4:5. A4 தாளோ 1:1.414, அதை இரண்டாய் மடித்தாலும் விகிதம் மாறாது. ஆகவே அட்டைகள் மேலும் கீழுமாகவும், இடமும் வலமுமாகவும் தனித்தனியே நகரவேண்டும்.

இங்கும் ஒரு சிக்கல். தெரியும் பரப்பு 12க்கு 16 அங்குலம் என்று வைத்தோம். தபாலட்டை அளவுப் படத்துக்கு 3¼க்கு 5¼ அங்குலச் சாளரம் போதும். அப்போது பக்க அட்டையின் அகலம் 4⅜ அங்குலம் வேண்டும். கோத்தகிரிப் படத்துக்குச் சாளரம் 6¼க்கு 8¼. பக்கத்தில் மீதியிருப்பது 2⅞ அங்குலமே. எஞ்சிய ஒன்றரை அங்குல அட்டை எங்கே போகும்? சிறிய படத்துக்கு அகன்ற அட்டையும், பெரிய படத்துக்கு ஒடுங்கிய அட்டையும் வேண்டியிருக்கிறதே! நான்கு பக்கத்துக்கும் கணக்குப் பார்த்தோம். எல்லாப் பக்கத்திலும் அதே ஒன்றரை அங்குலந்தான் வந்தது. மரச்சட்டத்தின் முகத்தை 2½ அங்குல அகலமாக்கி, அதன் உட்புறத்தில் 1¾ அங்குல ஆழத்துக்குத் தவாளிப்பு இட்டோம். எஞ்சும் அட்டை அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். கால் அங்குலம் கூடுதலாய் விட்டது, அட்டை முழுதும் வெளியே வந்து நழுவாதிருக்க.

மற்றவை இலகுவாக நடந்தன. பின்பலகைக்கு ஆணி இல்லை. கதவுக்குப் போடுவதுபோல் திருப்பும் கட்டைகள் நான்கு. படத்தை ஒட்டப் பசை இல்லை; பழைய அல்பங்களிற்போல் முக்கோண மூலைக்காகிதங்கள் நான்கு, அவற்றுள் படத்தைச் செருகினால் போதும். கடவுச்சீட்டு அளவுப் படத்தைத் தபாலட்டை அளவுள்ள வெள்ளை அட்டையின் நடுவே அமர்த்தினோம். ஆணி வேண்டாமென்றதால் பின்னால் ஒரு சாய்காலும், தூக்குவதற்கு மேலே பழைய பள்ளிப் பையின் வாரும் வைத்தோம். 2 மில்லிமீட்டர்க் கண்ணாடி 600 கிராமுக்குச் சற்று மேல். மரமும் பலகையும் சேர்த்து நான்கு கிலோவுக்குள் அடங்கிற்று.

சின்னம்மா வந்து பார்த்தார். சாளரத்தைத் திறந்தும் ஒடுக்கியும் காட்டினோம். ஒரு நேரத்தில் ஒரு படமே தெரியும்; மற்றவை தனித்தனி உறையில், பின்பலகைக்கு முன்னேயுள்ள அரை அங்குல இடைவெளியில் இருக்கும்; அவரவர் நினைவு நாளுக்கு அவரவரை முன்னே எடுத்து வைக்கலாம் என்று விளக்கினோம். சப்பானியர் தம் வீட்டு மாடத்தில் ஒரே ஓவியச் சுருளைத் தொங்கவிட்டு, பருவத்துக்குப் பருவம் மாற்றும் வழக்கத்தையும் எடுத்துரைத்தோம். சின்னம்மாவுக்குச் சப்பான் பிடிக்கவில்லை.

"மத்தவங்க எல்லாம் இருட்டுல இருப்பாங்களா?" என்றார்.

இருட்டே படத்துக்கு நல்லது என்றோம். கணவரின் படம் சிவந்துபோனதைக் காட்டி, அக்கால வண்ணப்படங்களில் பச்சைநீலச் சாயம் மற்றச் சாயங்களிலும் விரைவாக மங்குவதால் இவ்வாறாகிறது என்றும், வெளிச்சம் எல்லாச் சாயத்துக்கும் பகை என்றும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னவை யாவும் உண்மையே. ஆயினும், மண்ணுக்குள் ஒருத்தியை விட்டு வந்தவரிடம் இருட்டு நல்லது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது பாதி வழியிலேதான் எமக்கு உறைத்தது. நிறுத்திக்கொண்டோம். சின்னம்மா சற்று நேரம் வாரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்; முற்றத்தில் நாலடி நடந்து பார்த்தார். பின்னர், "சரி தம்பி, மாத்தி மாத்தி வைக்கிறேன்" என்று கொண்டுபோனார்.

அதன்பின் போகும்போதெல்லாம் முன்னே வேறொரு முகம் இருக்கும். தைப்பொங்கலுக்குப் பதினேழு பேரும் இருப்பார்கள். பேரப்பிள்ளை பிறந்ததும் கைத்தொலைபேசியில் வந்த படத்தை நகரில் அச்சிட்டு, சாளரத்தைத் தாமே சரிசெய்து வைத்திருந்தார். அதன் விளிம்பு சற்றே கோணல். நாம் திருத்தப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் கலக்கியபோது, இரவோடிரவாக வீடுகளை விட்டுப் போகும்படி சொன்னார்களாம். பாதைகள் மண்ணாலும் மரங்களாலும் அடைபட்டுக் கிடந்தன. சில நாள் கழித்தே எம்மால் அவரைப் போய்ப் பார்க்க முடிந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில், பாயும் பாத்திரமுமாய்க் குடும்பங்கள் நிறைந்திருந்தன. சுவரோரத்து மேசையொன்றில், சாய்காலை ஊன்றி, சட்டம் நின்றது. முன்னே மாமியாரின் சிறிய படம். அவருடைய நாள் ஒக்டோபரிலேயே கழிந்துவிட்டது. அது எமக்கு நினைவிருந்தபடியால், மாற்ற மறந்துவிட்டீர்களா என்று கேட்டோம்.

"மறக்கல தம்பி. மழை புடிச்ச அன்னைக்கே மாத்திட்டேன்" என்றார் சின்னம்மா. "அன்னைக்கு மாமியத் தூக்கிட்டு வர ஆளில்ல."

நாம் சட்டத்தைத் திருப்பிப் பின்பலகையைத் திறந்து பார்த்தோம். உறைகள் உலர்ந்தே இருந்தன. கண்ணாடிக்குப் பின்னே உள்ள அட்டையொன்றின் மூலை மட்டும் ஈரத்தில் நெளிந்து, தவாளிப்பில் இறுகி நின்றது. வேறு அட்டை வெட்டிக் கொண்டுவருவதாகச் சொல்லி, பக்கத்திலிருந்த பள்ளிப்பிள்ளை ஒருவனிடம் அடிமட்டம் வாங்கி அளவெடுத்துக்கொண்டோம்.